ஆஃபர் லெட்டரிலிருந்து தொண்ணூறாவது நாள் வரை

ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தில் புதிதாக ஒருவர் சேரும்போது ஏழெட்டுத் துறைகளாவது அவரைத் தொடுகின்றன. ஆளெடுக்கும் குழு ஆஃபர் லெட்டர் தருகிறது. சான்றிதழ்களைச் சரிபார்ப்பது வெளி ஏஜென்சி. பி.எஃப்., வங்கிக் கணக்கு, நாமினி விவரங்களை ஹெச்.ஆர். பதிவு செய்கிறது. லேப்டாப்பும் பாஸ்வேர்டும் ஐ.டி. பிரிவிலிருந்து வர வேண்டும். அடையாள அட்டையும் உட்கார இடமும் நிர்வாகப் பிரிவிலிருந்து வர வேண்டும். அப்புறம் பயிற்சிப் பிரிவு. கடைசியாக, அவர் உண்மையில் வேலை பார்க்கப்போகும் டீமின் மேனேஜர். ஒவ்வொரு துறையும் தன் பங்கைச் சரியாகவே முடித்திருக்கும், தன் பட்டியலில் டிக் போட்டிருக்கும். அப்படியிருந்தும் மூன்றாவது வாரத்தில் அந்தப் புதியவர் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஒரு துறை முடித்த இடத்துக்கும் அடுத்த துறை தொடங்கும் இடத்துக்கும் நடுவில்தான் இது நடக்கிறது. முழுப் பாதையையும் நடந்து பார்ப்பவர் அந்தப் புதியவர் ஒருவரே. அந்தப் பாதைக்குப் பொறுப்பு என்று நிறுவனத்தில் யாரையும் காட்ட முடியாது. பெரிய நிறுவனம் ஒன்று ஆன்போர்டிங் திட்டம், அதாவது புதியவரைச் சேர்த்து வேலையில் நிலைகொள்ள வைக்கும் திட்டம், வகுக்க உட்கார்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளிகளைத்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வரவேற்பு நிகழ்ச்சி, பெயர் பொறித்த பை, தலைமை அதிகாரியின் வீடியோ எல்லாம் அதற்குப் பிறகு வரலாம்.

டல்லாஸில் ஒரு சோதனை

இந்த விஷயத்தில் இன்றைக்கும் எடுத்துப் பார்க்க வேண்டிய ஒரு பழைய சோதனை உண்டு. 1960-களின் நடுவில், அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் நடந்தது. ஒருங்கிணைந்த மின்சுற்றுகள், அதாவது இன்று நாம் சிப் என்று சொல்வதன் ஆரம்ப வடிவம், அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. மூன்று ஷிஃப்டுகளில் சுமார் 1,400 பேர் வேலை செய்த பிரிவு அது. பெரும்பாலோர் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து வேலை செய்பவர்கள். உற்பத்தி வேகமாகப் பெருகியதால் புது ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்த வேகத்தில் பலர் போய்க்கொண்டும் இருந்தார்கள்.

அந்தப் பிரிவின் மேலாளர் ஏர்ல் கோமர்சாலும் நிறுவனத்தின் மேலாண்மை ஆய்வாளர் ஸ்காட் மையர்ஸும் 400-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேசிப் பார்த்தார்கள். கிடைத்த விடை அவர்கள் எதிர்பார்த்த திசையில் இல்லை. வேலை கடினம், சம்பளம் போதவில்லை என்பதைவிட மேலே நின்றது முதல் நாட்களின் பயம். நம்மால் இது முடியுமா என்ற பயம். பழைய ஆட்கள் அந்தப் பயத்தைக் கூட்டினார்கள்: சூப்பர்வைசர் அப்படி, டார்கெட் இப்படி, போன வாரம் ஒருத்தியை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்கிற மாதிரிப் பேச்சு. பயத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுப்பது மனதில் ஏறுவதில்லை. ஏறவில்லை என்று சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லவும் துணிச்சல் வருவதில்லை. சூப்பர்வைசர்களுக்கும் தங்கள் பங்குக்கு ஒரு தயக்கம் இருந்தது. தங்களைவிடத் தொழிலாளிக்கு அதிகம் தெரிந்திருக்குமோ என்று அவர்களும் விலகியே நின்றார்கள்.

அதுவரை நடந்துவந்த முறை இது: இரண்டு மணி நேர அறிமுகம், உடனே சூப்பர்வைசரிடம் ஒப்படைப்பு, அவர் கையோடு உற்பத்தி லைனில் உட்கார வைப்பார். சோதனைக்கு எடுத்த 10 பெண்களுக்கு இதை மாற்றினார்கள். வழக்கமான இரண்டு மணி நேரம் முடிந்ததும் அவர்களை ஓர் அறையில் உட்கார வைத்து, இன்று வேலையே கிடையாது, எங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள், கேள்வி கேளுங்கள் என்றார்கள். மிச்சமிருந்த ஆறு மணி நேரத்தில் நான்கு விஷயங்களைச் சொன்னார்கள். நீங்கள் இந்த வேலையில் தேறும் வாய்ப்பு மிக அதிகம் என்பது முதலாவது. அதற்கு முன் வந்தவர்கள் எந்த வாரத்தில் எவ்வளவு கற்றார்கள் என்ற வரைபடத்தையே காட்டினார்கள். வராந்தாவில் காதில் விழும் பயமுறுத்தல்களை நம்பாதீர்கள் என்பது இரண்டாவது. பழையவர்கள் ஏன் அப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் விளக்கினார்கள். மூன்றாவது, கேள்வி கேட்பதில் நீங்களே முந்திக்கொள்ளுங்கள், சூப்பர்வைசருக்கு வேலை அதிகம், அவராக வந்து கேட்பார் என்று காத்திருக்காதீர்கள்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் சூப்பர்வைசர் யார், எப்படிப்பட்டவர் என்று விரிவாகச் சொன்னார்கள். கண்டிப்பானவர், ஆனால் நட்பானவர். மீன் பிடிப்பதிலும் ஹாம் ரேடியோவிலும் ஆர்வம். சில சமயம் கொஞ்சம் கூச்சப்படுவார், ஆனால் நீங்கள் பேசினால் மகிழ்ச்சியோடு பேசுவார். இடைவேளைக்கு எழுந்து போகும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதை விரும்புவார். இந்த அளவுக்கு நுணுக்கமாக ஒரு மேலதிகாரியைப் புதியவருக்கு அறிமுகப்படுத்தும் நிறுவனம் இன்றைக்கும் அபூர்வம்.

முடிவுகளை 1966-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் வெளியிட்டார்கள். வழக்கமான முறையில் சேர்ந்த குழுவோடு ஒப்பிட்டபோது, கற்றுக்கொள்ளும் காலம் பாதியாகக் குறைந்தது. விடுப்பும் தாமத வருகையும் பாதியானது. வீணாகும் பொருள் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கியது. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அறுபது ஆண்டுக்கு முந்தைய அமெரிக்கத் தொழிற்சாலையை அப்படியே இங்கே பொருத்தவும் முடியாது. ஆனாலும் அந்த ஆறு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தொழில்திறன் எதையும் அவர்கள் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. நிறுவன வரலாறு சொல்லவில்லை. பயிற்சி அறைக்கும் லைனுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை மூடினார்கள், அவ்வளவுதான்.

பின்னால் வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் வந்து நின்றன. 2007-ல் டால்யா பாவரும் சக ஆய்வாளர்களும் 70 ஆய்வுத் தரவுகளைச் சேர்த்து அலசியதில், புதியவர் நிலைகொள்வதற்கு மூன்று விஷயங்கள் அடிப்படையாகத் தெரிந்தன: என் வேலை என்ன என்ற தெளிவு, என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை, இந்த ஆட்கள் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்ற உணர்வு. மூன்றில் ஒன்றைக்கூட மைய அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஹெச்.ஆர். தனியாகத் தர முடியாது. மூன்றும் டீமில்தான் கிடைக்கும்.

காத்திருக்கும் மாதங்கள்

முதல் இடைவெளி, ஆள் உள்ளே வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நம் ஐ.டி. துறையில் அனுபவமுள்ள ஒருவர் வேலை மாறும்போது பழைய இடத்தில் மூன்று மாதம் நோட்டீஸ் காலம் முடிக்க வேண்டியிருப்பது சகஜம். ஆளெடுத்த குழுவுக்கு அந்த இடம் நிரம்பிவிட்டது. அடுத்த இடத்தை நிரப்பப் போய்விடுவார்கள். மேனேஜரைப் பொறுத்தவரை அவர் இன்னும் வரவில்லை. ஆக மூன்று மாதம் அவர் யாருடைய கணக்கிலும் இல்லை. அதற்குள் கையில் இன்னொரு ஆஃபர் வந்திருக்கும். சேர வேண்டிய வாரத்தில் வர இயலவில்லை என்று மெயில் வந்ததும் எல்லோரும் அந்த ஆளைக் குறை சொல்வார்கள். நடுவில் ஒரு தடவையாவது மேனேஜர் அவரோடு பேசினாரா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பதே பதில்.

புதிதாகப் படித்து முடித்தவர்களின் காத்திருப்பு இதைவிட வேதனையானது. 2022-ல் கல்லூரி வளாகத் தேர்வில் எடுக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் இரண்டு ஆண்டு காத்திருந்து 2024-ல்தான் இன்ஃபோசிஸில் சேர முடிந்தது. அந்தக் காலத்தில் வேறு சில பெரிய நிறுவனங்களிலும் சேரும் தேதி தள்ளிக்கொண்டே போனது. சந்தை சரிந்தால் ஆள் தேவை குறையும், அது நிறுவனத்தின் கையில் மட்டும் இல்லை. ஆனால் காத்திருப்பவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசிக்க வேண்டும். கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஓராண்டு வரைதான் பொதுவாகத் தவணை விலக்கு. பக்கத்து வீட்டார் கேட்கும் கேள்விக்கு அப்பாவும் அம்மாவும் பதில் சொல்ல வேண்டும். வேறு வேலைக்கு முயல்வதா, இதற்கே காத்திருப்பதா என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அந்த நிலையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு உள்ளே வருபவரிடம் முதல் நாள் நம் குடும்பத்துக்கு வரவேற்கிறோம் என்று சொன்னால் அது எந்த அளவுக்கு மனதில் பதியும்?

இந்த இடைவெளிக்குத் தேவைப்படுவது பெரிய செலவு இல்லை. ஆஃபர் ஏற்ற ஒரு வாரத்துக்குள் மேனேஜரிடமிருந்து ஒரு போன். அப்புறம் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே ஆளிடமிருந்து, உண்மையான தகவல். தேதி தள்ளிப்போகிறதென்றால் தெரிந்த அன்றே சொல்ல வேண்டும். எவ்வளவு காலம் என்று தெரியாவிட்டால் அதையும் சொல்ல வேண்டும், வேறு வேலை கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்து.

காகித வேலைகளையும் இந்தக் காலத்திலேயே முடித்துவிடலாம். முந்தைய நிறுவனம் பி.எஃப். கணக்கில் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால் பணத்தை மாற்றுவது சிக்கிக்கொள்ளும். சேர்ந்த பிறகு அதற்காக அலைவதைவிட முன்பே சொல்லி வைத்தால் பழைய ஆபீஸை விட்டு வெளியே வரும் முன் சரிசெய்துகொள்வார். ஆதாரில் ஓர் இனிஷியல், சான்றிதழில் வேறு இனிஷியல் என்பது தமிழ்நாட்டில் தினசரிக் கதை. அப்பா பெயரை இனிஷியலாக வைக்கும் வழக்கம் கணினிப் படிவத்தின் கடைசிப் பெயர் கட்டத்தோடு மோதும்போது மாதக்கணக்கில் தொல்லை. எந்தப் பெயர் எங்கே வர வேண்டும் என்று அரைப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் பாதிப் பேருக்கு அந்தத் தொல்லை வராது.

முதல் நாளைப் பற்றி நிறையச் சொல்ல எதுவும் இல்லை. உட்கார இடம், வேலை செய்யும் லேப்டாப், சாப்பிட எங்கே போவது என்ற தகவல், மாலையில் எந்த பஸ் என்ற தகவல், நியமனக் கடிதம். கூடவே, பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்பட்ட உள்ளகக் குழுவில் இருப்பவர்களின் பெயரும் எண்ணும். இதை ஸ்லைடில் ஓடவிடாமல் கையில் கொடுக்க வேண்டும், ஏனென்றால் தேவைப்படும் நாளில் யாரிடமும் கேட்டு வாங்கும் நிலையில் அவர் இருக்க மாட்டார். நிறுவனத்தின் தொலைநோக்கு, பிரிவுத் தலைவர்களின் உரைகள் எல்லாவற்றையும் இரண்டாவது மாதத்துக்குத் தள்ளலாம். வேலை என்னவென்று கொஞ்சம் புரிந்த பிறகு கேட்டால்தான் அதெல்லாம் காதில் ஏறும்.

பயிற்சி முடிந்து டீமுக்குள்

பெரும்பாலான திட்டங்கள் உடையும் இடம் இதுதான்.

பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பயிற்சிக்கு அள்ளிக் கொடுத்திருக்கின்றன. இன்ஃபோசிஸின் மைசூரு வளாகம் 300 ஏக்கருக்கும் மேல்; தங்கும் விடுதி, நூலகம், திரையரங்கம் என ஒரு சிறு நகரம். ஒரே நேரத்தில் 10,000 பேருக்கு மேல் தங்கிப் படிக்கலாம். ஈரோட்டிலோ தூத்துக்குடியிலோ படித்து முடித்த ஒரு பிள்ளைக்கு அந்த மாதங்கள் வாழ்க்கையில் மறக்காதவை. இந்த ஏற்பாட்டின் மதிப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் அதே பயிற்சியில் தேர்வும் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் உள்தேர்வில் மூன்று முறையும் தேறாத 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை இன்ஃபோசிஸ் வெளியே அனுப்பியது பெரிய செய்தியானது. இந்த விதி இருபது ஆண்டாக இருப்பது, ஒப்பந்தத்திலும் எழுதியிருப்பது என்று நிறுவனம் விளக்கியது. தொழிலாளர் அமைப்பு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் வரை புகார் கொண்டுபோனது. அந்த விவகாரத்தின் நியாயத்தை விட்டுவிட்டு, திட்டம் வகுப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். கற்றுக்கொடுப்பதும் கழித்துக்கட்டுவதும் ஒரே இடத்தில், ஒரே ஆட்கள் கையில் நடந்தால், புதியவர் முதலில் கற்றுக்கொள்வது தனக்குத் தெரியாததை மறைக்க. பயிற்சியாளரிடம் புரியவில்லை என்று சொல்வதே ஆபத்து என்று நினைத்துவிடுவார். அந்தப் பழக்கம் டீமுக்கும் கூடவே வரும். தேர்வு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும். கற்றுக்கொடுப்பவரையும் மதிப்பிடுபவரையும் பிரித்து வைக்கலாமே. ஆளெடுக்கும் கட்டத்திலேயே கடுமையாகச் சலித்துவிட்டு, உள்ளே வந்தவரைத் தேற்றுவது நம் பொறுப்பு என்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

தேறி வந்தவர் பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் எதுவும் இல்லாத காத்திருப்பில், சில வாரமோ சில மாதமோ இருந்துவிட்டு ஒரு ப்ராஜெக்டில் விழுகிறார். பயிற்சியில் படித்தது ஜாவாவாக இருக்கும். கையில் கிடைப்பது ஏதோ ஒரு வங்கிக்கு இருபது வருடம் முன் எழுதிய மென்பொருளின் பராமரிப்பாக இருக்கும். வாடிக்கையாளரின் கணினிக்குள் நுழைய ஆக்ஸஸ் வரவில்லை. அது வர இரண்டு வாரம் ஆகும். டீம் லீடுக்கு வெள்ளிக்கிழமை ரிலீஸ். கே.டி. (முன்பு அந்த வேலையைப் பார்த்தவர் அதை விளக்கிச் சொல்வது) ரெக்கார்டிங் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று ஒரு லிங்க் வரும். எட்டு மணி நேர ரெக்கார்டிங், அதில் பேசுபவர் ஆறு மாதம் முன்பே வேலையை விட்டுப் போயிருப்பார். டீம் லீட் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. இந்தப் புதியவருக்காகச் செலவழிக்கும் நேரம் அவருடைய எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை, அதுதான் காரணம்.

இந்த இடத்துக்குக் கூகுள் கண்ட வழி மிக எளிமையானது. அங்கே மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். புதியவர் சேரும் திங்கட்கிழமைக்கு முந்தைய ஞாயிறு அவருடைய மேனேஜருக்கு ஒரு மெயில் போகும். அதில் ஐந்தே வேலைகள்: அவருடைய பொறுப்பு என்ன என்று உட்கார்ந்து பேசுங்கள், ஒரு துணையை நியமியுங்கள், டீமுக்கு வெளியே ஆட்களை அறிமுகப்படுத்துங்கள், முதல் ஆறு மாதம் மாதம் ஒரு முறை அவரோடு பேச நேரம் ஒதுக்குங்கள், மனம் திறந்து பேச இடம் கொடுங்கள். எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் சில வரிகள். இதைப் பின்பற்றிய மேனேஜர்களிடம் சேர்ந்தவர்கள் முழுத் திறனை எட்டும் காலம் 25 சதவீதம் குறைந்ததாகப் பாக் சொல்கிறார். மேனேஜர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தால் மூன்று மாதம் கழித்து மறந்துவிடுவார்கள். தேவைப்படும் நாளுக்கு முந்தின நாள், செய்ய வேண்டியதை மட்டும் கையில் கொடுத்ததால்தான் இது வேலை செய்தது.

துணை நியமிப்பது பற்றி மைக்ரோசாஃப்டின் அனுபவம் இருக்கிறது. சுமார் 600 பேரைக் கொண்டு சோதித்துப் பார்த்தார்கள். முதல் 90 நாளில் துணையை ஒரு முறை மட்டும் சந்தித்தவர்களில் 56 சதவீதம் பேர், அது விரைவாக வேலைக்குப் பழக உதவியது என்றார்கள். எட்டு முறைக்கு மேல் சந்தித்தவர்களில் அதுவே 97 சதவீதம். தாங்களே சொன்ன பதில் என்பதால் கொஞ்சம் கழித்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் திசை தெளிவு: துணை என்று ஒரு பெயரை எழுதிவிட்டால் போதாது, எத்தனை முறை உட்கார்ந்து பேசினார்கள் என்பதுதான் கணக்கு. அதனால் துணையாக இருப்பவருக்கு முதல் மாதம் வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் வேலைத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். டீமிலேயே மிகத் திறமையானவரை நியமிப்பது வழக்கமான தவறு. அவருக்குத்தான் நேரமே இருக்காது, ஆரம்பத்தில் எது புரியாது என்பதையும் அவர் மறந்திருப்பார். சேர்ந்து ஒன்று ஒன்றரை வருடம் ஆனவர் பொருத்தம். மதிப்பீடு எழுதும் சீனியராக அவர் இருக்கவே கூடாது.

இன்னொன்று, முதல் வேலை. சின்னதாக இருக்கட்டும், ஆனால் நிஜமான வேலையாக இருக்க வேண்டும், ஒரு வாரத்தில் முடிய வேண்டும், முடித்தது பயன்பாட்டுக்குப் போக வேண்டும். அறிக்கையில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துவதாகக்கூட இருக்கலாம். அதைச் செய்து முடிக்க அவர் ஐந்து பேரிடமாவது பேச வேண்டிவரும், எல்லா ஆக்ஸஸும் வாங்க வேண்டிவரும், ஒரு மாற்றம் இந்த நிறுவனத்தில் எப்படி மேலே போகிறது என்று பார்த்துவிடுவார். எட்டு மணி நேர ரெக்கார்டிங்கில் இது கிடைக்காது.

தொழிற்சாலையில் வேலை ஹாஸ்டலில் தொடங்குகிறது

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் உள்ள மின்னணுத் தொழிற்சாலைகளில் இதே கதை வேறு உருவத்தில் நடக்கிறது. சேர்பவர்களில் பெரும்பாலோர் பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த இளம்பெண்கள். பலருக்கு வீட்டை விட்டு வெளியே தங்குவதே முதல் தடவை. டல்லாஸில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்த அந்தப் பெண்களுக்கும் இவர்களுக்கும் வேலையின் தன்மையில் அத்தனை தூரம் இல்லை. போனை வாசலிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். நிலைமின்சாரம் தடுக்கும் மேலங்கி, மணிக்கட்டுப் பட்டை. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று டார்கெட். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஹாஸ்டலுக்குப் போய்ப் பகலில் தூங்கப் பழக வேண்டும்.

இங்கே ஆன்போர்டிங் என்பதைத் தொழிற்சாலைக் கதவுக்குள் மட்டும் வைத்துப் பார்த்தால் தவறாகப் போகும் என்பதை 2021 டிசம்பர் காட்டியது. ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை பல வாரம் மூடிக் கிடந்து 2022 ஜனவரியில் திறந்தது. அந்தப் பெண்கள் கவலையோடு எழுப்பிய கேள்விகளில் ஒன்று, உடம்பு சரியில்லாதவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பது. யாரிடம் கேட்டால் நம்பகமான பதில் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, வதந்திதான் பதிலாகக் கிடைத்தது. விடுதியை நடத்துபவர் ஒருவர், சமையல் இன்னொருவர், ஆளை அனுப்பியவர் வேறொருவர், வேலை கொடுப்பவர் வேறொருவர் என்று பொறுப்பு பிரிந்து கிடக்கும் இடங்களில் இப்படித்தான் ஆகும். அதற்குப் பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகத்தை 706.50 கோடி ரூபாய் செலவில் சிப்காட் கட்டித் திறந்தது. கட்டடம் வந்தது பெரிய விஷயம். அந்தக் கட்டடத்துக்குள் முதல் வாரம் ஒரு பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்பது இன்னும் திட்டம் வகுப்பவர் கையில்தான்.

என் பார்வையில், இங்கே முதல் வாரத்தின் மிக முக்கியமான ஆள் லைன் லீடர். டெக்சாஸ் சோதனையின் நான்காவது விஷயத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: லைனில் உட்காரும் முன்பே உங்கள் லைன் லீடர் இந்த அக்கா, இந்த ஊர்க்காரர், இப்படித்தான் பேசுவார், பாத்ரூம் போக இப்படிச் சொல்ல வேண்டும், மாதவிடாய் நாளில் உடம்பு முடியவில்லை என்றால் இவரிடம் சொல்லலாம். முதல் இரண்டு வாரம் டார்கெட் கிடையாது என்பதை லைன் லீடரின் கணக்கிலும் எழுத வேண்டும். புதியவருக்கு டார்கெட் இல்லை என்று சொல்லிவிட்டு, லைனின் மொத்த எண்ணிக்கையைக் குறைக்காமல் விட்டால், அந்தப் பாரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தலையில் விழும். அவர் புதியவரை வெறுப்பார். திட்டத்தில் நல்லெண்ணம் இருந்தும் கணக்கில் இடம் இல்லாததால் கெட்டுப்போகும் விஷயங்களில் இது முதலாவது.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ நடத்திவிட்டுக் கையெழுத்து வாங்குவதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். எந்திரத்தை நிறுத்தும் பொத்தான் எது என்று அவரவர் மொழியில் கேட்டு, அவரே போய் அழுத்திக் காட்டாத வரை அந்தப் பயிற்சி நடந்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

யார் பொறுப்பு, எதை அளப்பது

அப்படியானால் பெரிய நிறுவனம் எங்கிருந்து தொடங்குவது? சேர்ந்து நான்கைந்து மாதம் ஆன இருபது பேரைக் கூப்பிட்டுத் தனித்தனியாகப் பேசுவதிலிருந்து. ஆஃபர் வந்த நாள் முதல் இன்றுவரை நடந்ததை வாரவாரமாகச் சொல்லச் சொல்லுங்கள். எந்த வாரத்தில் விட்டுப் போகலாம் என்று தோன்றியது, அன்று யாரிடம் பேசினீர்கள் என்று கேளுங்கள். இருபது கதைகளையும் ஒரே சுவரில் ஒட்டினால் இடைவெளிகள் ஒரே இடங்களில் வருவது கண்ணுக்குத் தெரியும். அந்த இடங்களுக்குத்தான் திட்டம்.

அடுத்தது பொறுப்பு. ஆஃபர் முதல் தொண்ணூறாவது நாள் வரை ஒவ்வொரு புதியவருக்கும் ஒரே ஒரு ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும். துறைகள் மாறும்போது அவர் மாறக் கூடாது. ஒருவர் நாற்பது ஐம்பது பேரைப் பார்த்துக்கொள்ள முடியும். லேப்டாப் வரவில்லை, ஆக்ஸஸ் வரவில்லை, மேனேஜர் பேசவில்லை என்றால் அந்தந்தத் துறையைத் துரத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். வெறும் நினைவூட்டல் அனுப்பும் வேலையாக அது சுருங்கிவிடக் கூடாது.

உடனே நிறுவனம் முழுக்கப் பரப்பவும் வேண்டாம். ஒரு பிரிவில் புது முறை, இன்னொன்றில் பழைய முறை என்று ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தால் எது பயன் தருகிறது என்று தெரிந்துவிடும். விப்ரோவின் கால் சென்டர் பிரிவில் அப்படி ஒரு ஒப்பீடு நடந்து, 2013-ல் வெளிவந்தது. நிறுவனப் பெருமையைச் சொல்லி வரவேற்றவர்களைவிட, உன் பலம் என்ன, அதை இந்த வேலையில் எப்படிக் காட்டுவாய் என்று முதல் நாள் ஒரு மணி நேரம் கேட்டு வரவேற்கப்பட்டவர்கள் அதிகம் நிலைத்தார்கள் என்றது அது. அந்த ஆய்வாளர்களில் ஒருவர் வேறு ஆய்வுகளின் தரவு பற்றிய குற்றச்சாட்டால் 2025-ல் ஹார்வர்டில் நிரந்தரப் பதவியை இழந்தார் என்பதால், அந்த முடிவை மட்டும் நம்பித் திட்டம் வகுக்க நான் சொல்ல மாட்டேன். செலவில்லாத விஷயம்தானே, அவரவர் இடத்திலேயே செய்து பார்த்துக்கொள்ளலாம்.

அளப்பதில் ஒரு எச்சரிக்கை. முதல் நாள் மாலை கொடுக்கும் கருத்துப் படிவத்தில் எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போடுவார்கள். புது இடத்தில் வேறு என்ன போடுவார்கள்? 30, 60, 90 நாட்களில் மூன்றே கேள்விகள் போதும். உன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியுமா? சந்தேகம் வந்தால் தயங்காமல் கேட்க ஒருவர் இருக்கிறாரா? போன வாரம் மேனேஜர் உன்னோடு பேசினாரா? இந்தப் பதில்களையும், முதல் ஆறு மாதத்தில் விட்டுப் போனவர்களின் எண்ணிக்கையையும் மேனேஜர் வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சராசரியை மட்டும் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தெரியும். பிரித்துப் பார்த்தால் ஒரே பிரிவில், ஒரே பயிற்சி முடித்து வந்தவர்களில், ஒரு மேனேஜரிடம் எல்லோரும் இருப்பார்கள், இன்னொருவரிடம் பாதிப் பேர் போயிருப்பார்கள். பதவி உயர்வு பேசும் மேசையில் அந்த எண் இருக்க வேண்டும்.

கடைசியாக, இந்தத் திட்டங்களில் அடிக்கடி விட்டுப்போகிறவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒரே லைனில், ஒரே சீருடை மாதிரி ஒன்றில் நிற்பார்கள். அடையாள அட்டையின் பட்டை நிறம் மட்டும் வேறு. அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, ஏஜென்சி பார்த்துக்கொள்ளும் என்று ஹெச்.ஆர். சொல்லும். கேன்டீன், ஓய்வறை போன்ற அடிப்படை வசதிகளில் முதன்மை முதலாளிக்கும், அதாவது ஏஜென்சி மூலம் ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கும், பொறுப்பு உண்டு என்றுதான் 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் சொன்னது, அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, பணியிடப் பாதுகாப்பு பற்றிய தொகுப்புச் சட்டமும் சொல்கிறது. சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்துக்கு மேலே போக ஒரு நிறுவனத்தை யாரும் தடுக்கவில்லை. அதே பாதுகாப்புப் பயிற்சி, உள்ளகக் குழுவின் அதே எண், லைனில் அதே துணை, பொறுப்பாளர் பட்டியலில் அவர்கள் பெயரும். ஏஜென்சி ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இவற்றை நிபந்தனையாக எழுதி, ஒரு ஆளுக்கு எத்தனை மணி நேரம் என்று விலையிலும் சேர்த்துவிட்டால், ஏஜென்சிக்கும் அதைச் செய்யாமலிருக்கக் காரணம் இருக்காது.